நாகர்கோவில் முக்கோணம், எச்ஓ அளவில்: ஐந்து வாரத்தில் கண்காட்சி, வண்டி முட்டிக்கொண்டு நிற்கிறது

1. இரணியல் கேபின்

வணக்கம் மக்களே. ரொம்ப நாளாக இங்கே வாசிப்பதோடு சரி. இப்போது ஒரு சிக்கல், அதனால் எழுதுகிறேன்.

மொட்டை மாடி அறையில் மூன்று வருடமாக ஒரு எச்ஓ (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு அளவு) மாடல் ரயில் லேஅவுட் கட்டிக்கொண்டிருக்கிறேன். 12 அடிக்கு 5 அடி. நம்ம நாகர்கோவில்தான். ஊர் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: திருவனந்தபுரம் பாதையும் திருநெல்வேலிப் பாதையும் ஜங்ஷனுக்குள் ஒரே பக்கமாக வந்து நுழைகின்றன. மறுபக்கம் கன்னியாகுமரிக்குப் போகிறது. அதனால் திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் போகிற வண்டி ஜங்ஷனுக்குள் வந்துவிட்டால், எஞ்சினைக் கழற்றி மறுமுனையில் மாட்டினால்தான் கிளம்ப முடியும். ஜங்ஷனைத் தொடாமல் டவுன் ஸ்டேஷன் வழியாக நேரே போகிறவற்றுக்கு அந்தத் தொல்லை இல்லை. மூன்று பாதையும் சேர்ந்தால் ஒரு முக்கோணம்.

சின்ன வயதில் அந்த எஞ்சின் மாற்றும் நேரத்தில்தான் அப்பா இறங்கி டீ வாங்குவார். அவர் திரும்பி ஏறுவதற்குள் வண்டி கிளம்பிவிடுமோ என்று எனக்கு வயிறு கலங்கும். கிளம்பும்போது அதுவரை முன்னால் பார்த்துக்கொண்டு வந்தவன் முதுகுப்பக்கமாகப் போவேன். அதைத்தான் கட்ட நினைத்தேன்.

அளவெல்லாம் நிறையச் சுருக்கியாகிவிட்டது. 1:87-ல் ஒரு கிலோமீட்டரே பதினொன்றரை மீட்டர் வரும். 22 பெட்டி வண்டியை அப்படியே வைத்தால் வண்டி மட்டும் ஐந்தரை மீட்டருக்கு மேல், என் மேசையை விட நீளம். அதனால் ஆறு பெட்டியோடு நிறுத்திக்கொண்டேன். வெளி வட்டம் திருவனந்தபுரம் – டவுன் – திருநெல்வேலி நேர்வழி. பின்பக்கம் மறைவில் இரண்டு லைன். வட்டத்திலிருந்து இரண்டு கை பிரிந்து ஜங்ஷனில் சேர்ந்து, அப்புறம் கன்னியாகுமரி என்று முட்டுச்சந்தாக முடிகிறது.

சிக்கல் இதுதான். ஒரு கை வழியாக ஜங்ஷனுக்குள் வருவதில் பிரச்சினை இல்லை. மறு கை வழியாக வெளியே விட்டால் டிசிசி பெட்டி (தண்டவாளத்துக்குக் கரண்ட் கொடுத்து வண்டியை ஓட்டுவது) 'டக்' என்று அணைந்துவிடுகிறது. ஆட்டோ ரிவர்சர் (ஷார்ட் ஆனால் இரண்டு தண்டவாளத்தின் கரண்டையும் தானாக இடம் மாற்றிவிடும் கருவி) மாட்டியிருக்கிறேன். ஆனாலும் அணைகிறது. மார்த்தாண்டம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கண்காட்சிக்கு ஒத்துக்கொண்டுவிட்டேன், ஐந்து வாரம்தான் இருக்கிறது.

2. குளச்சல்காரன்

அண்ணாச்சி, முக்கோணத்தை விட்டுவிட்டு வட்டத்தில் சுற்ற விடுங்கள். பிள்ளைகளுக்கு வண்டி ஓடினால் போதும்.

3. ஆரல்காற்று

முதலில் தண்டவாளத்தில் கரண்ட் தாண்டாதபடி வெட்டு எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். இரண்டு தண்டவாளமும் இரண்டு கம்பிதானே. ஒரு கையால் உள்ளே போய் மறு கையால் வெளியே வந்தால் வட்டத்தின் இடது தண்டவாளம் வலதோடு போய்ச் சேரும். அதற்குத்தான் ரிவர்சர். ஆனால் நிறைய பேர் ஜங்ஷன் பாயிண்டுக்கு (இரண்டு கையும் சேரும் இடம்) உள்ளே வெட்டிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் அந்தப் பாயிண்டிலேயே இரண்டு கையும் மோதிக்கொள்ளும். இரண்டு கையிலும், பாயிண்டுக்கு வெளியே, இரண்டு தண்டவாளத்தையும் வெட்ட வேண்டும். மொத்தம் நான்கு வெட்டு. பாயிண்ட், ஜங்ஷன், கன்னியாகுமரி எல்லாம் ரிவர்சர் வீட்டுக்குள். வண்டி முழுசாக அதற்குள் அடங்கவும் வேண்டும்.

4. இரணியல் கேபின்

நான்கு வெட்டும் சரியான இடத்தில்தான் இருக்கின்றன. ஆறு பெட்டியும் எஞ்சினும் சேர்ந்து 1.75 மீட்டர், உள்ளே 2.3 மீட்டர் இடம் இருக்கிறது.

5. ஆரல்காற்று

அப்படியானால் ஒயர். என்ன ஒயர் போட்டீர்கள்?

6. இரணியல் கேபின்

காலிங் பெல்லுக்குப் போடுகிற ஒயர்… மிச்சம் இருந்தது.

7. ஆரல்காற்று

அதானே! ஒரு ஐந்து ரூபாய்க் காசை எடுத்து, டிசிசி பெட்டியிலிருந்து ரொம்பத் தூரத்தில் இருக்கிற இடத்தில் இரண்டு தண்டவாளத்துக்கும் குறுக்கே வையுங்கள். பெட்டி உடனே அணைய வேண்டும். அணையாவிட்டால் உங்கள் ஒயரே ரெசிஸ்டர் மாதிரி நின்று கரண்டைத் தடுக்கிறது என்று அர்த்தம். ஷார்ட் ஆனதே ரிவர்சருக்குத் தெரியாது, அது எப்படி மாற்றிவிடும்? அப்புறம் இன்னொன்று. ரிவர்சர் எத்தனை ஆம்பியரில் விழித்துக்கொள்கிறதோ அது பெட்டி அணையும் ஆம்பியரை விடக் குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் 3 ஆம்பியர் என்றால் யார் முந்துவது என்று பந்தயம்தான், பெரும்பாலும் பெட்டி முந்திவிடும்.

வீட்டுக்கு வயரிங் செய்யும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை மேசைக்கு அடியில் ஓட்டுங்கள். மீட்டருக்கு ஒரு இடத்தில் மெல்லிய ஒயரால் தண்டவாளத்தோடு பற்ற வையுங்கள். தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் ஜாயினரை நம்பாதீர்கள். நம்ம ஊர்க் கடல் காற்றில் ஒரு மழைக்காலம் தாண்டாது.

8. இரணியல் கேபின்

காசு வைத்துப் பார்த்தேன். வெளி வட்டத்தில் அணைகிறது. கன்னியாகுமரி முனையில் வைத்தால் அணையவே இல்லை, காசுதான் சூடாகிறது! கை வைத்துப் பார்த்துப் பயந்துபோனேன். நாளைக்கே ஒயர் வாங்குகிறேன்.

9. மார்த்தாண்டம் டீச்சர்

கண்காட்சி பற்றி ஒரு வார்த்தை. உங்கள் பள்ளிக்கூடம் எதுவென்று தெரியாது. எங்கள் பள்ளியில் இரண்டு முறை இந்த மாதிரி வைத்திருக்கிறோம். மேசை என்ன உயரம்? பெரியவர்கள் 4 அடியில் வைத்தால்தான் கண்ணுக்கு நேராக இருக்கிறது என்பார்கள். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் மேசையின் விளிம்புதான் தெரியும். அவன் என்ன செய்வான்? விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்ப்பான். அப்புறம் "தொட்டுவிட்டான்" என்று திட்டுவீர்கள். 3 அடி உயரத்தில் வையுங்கள், முன்னால் ஒன்றரை அடி தள்ளிக் கயிறு கட்டுங்கள். பெரியவர்கள் குனியட்டும், ஒன்றும் குறைந்துவிடாது.

10. தக்கலை மரவேலை

சட்டம் என்ன மரம் அண்ணாச்சி?

11. இரணியல் கேபின்

அயனி. பழைய வீட்டு உத்திரம் பிரித்தபோது கிடைத்தது, ஆசாரி அறுத்துக் கொடுத்தார். கல்லு மாதிரி இருக்கிறது. மேலே 12 மில்லிமீட்டர் பிளைவுட். அங்கேதான் தப்பு பண்ணிவிட்டேன், சாதா பிளைவுட். ஜூன் சாரலில் விளிம்பு ஊதி, இரண்டு மாடியூல் (லேஅவுட்டைப் பிரித்து எடுக்கும் துண்டுகள்) சேரும் இடத்தில் தண்டவாளம் தலைமயிர் அளவுக்கு உயர்ந்து நிற்கிறது.

12. தக்கலை மரவேலை

மெரைன் பிளைவுட் போட்டிருக்க வேண்டும், 710 முத்திரை உள்ளது. தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் வாங்குகிற மாவட்டம் இது. இப்போதைக்கு வெட்டு விளிம்பையெல்லாம் தேய்த்து இரண்டு கோட் வார்னிஷ் குடியுங்கள்… மன்னிக்கவும், கொடுங்கள். மாடியூல் சேரும் இடத்தில் போல்ட்டை நம்பி அளவு பிடிக்காதீர்கள், போல்ட் இறுக்கிப் பிடிக்க மட்டும்தான். கதவுக் கீலை எடுத்து அதன் ஆணியை உருவி, ஒரு பாதியை இந்தப் பக்கமும் மறு பாதியை அந்தப் பக்கமும் திருகுங்கள். ஆணியைப் போட்டால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்காரும்.

13. குளச்சல்காரன்

வார்னிஷ் குடிக்கச் சொன்ன ஆளை அட்மின் கவனிக்கவும் 😀

அண்ணாச்சி, ஜல்லிக்கு என்ன போட்டீர்கள்? படத்தில் கறுப்பாக, அழகாக இருக்கிறதே.

14. இரணியல் கேபின்

மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணல். போன வருடம் ஒரு டப்பாவில் அள்ளிக்கொண்டு வந்தேன்.

15. ஆரல்காற்று

ஐயோ. காந்தம் காட்டிப் பார்த்தீர்களா?

16. இரணியல் கேபின்

இல்லை. ஏன்?

17. ஆரல்காற்று

அந்தக் கறுப்பே இல்மனைட்தான். காந்தத்துக்கு வரும். உங்கள் எஞ்சின் மோட்டாருக்குள் இருப்பதும் காந்தம். ஜல்லியாக ஒட்டிய மணலில் பத்துத் துகள் பெயர்ந்தால் பத்தும் மோட்டாருக்குள்தான் போகும். மேலும் அந்த மணலில் மோனசைட்டும் உண்டு, அதில் தோரியம். நம் இஷ்டத்துக்கு அள்ளி வருகிற மணல் அது இல்லை. பேசாமல் மாற்றிவிடுங்கள்.

18. இரணியல் கேபின்

மக்களே, இது வேறு கதை. எஞ்சினைத் தானாகக் கழற்றுவதற்கு ஜங்ஷனில் தண்டவாளத்துக்கு அடியில் சின்ன காந்தம் பதித்திருக்கிறேன். எஞ்சினையும் பெட்டியையும் கோக்கும் நக்கிள் கப்ளர் அதன் மேல் வந்தால் விரிந்துகொள்ளும். உங்கள் பதிவைப் படித்துவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். அந்த ஒரு இடத்தில் மட்டும் மணல் துகள்கள் ஸ்லீப்பருக்கு நடுவே முள் முள்ளாக எழுந்து நிற்கின்றன, பூனை மீசை மாதிரி. மூன்று மாதமாகப் பார்க்கிறேன், புல்லுக்காகத் தூவிய பவுடர் சிந்தியிருக்கிறது என்றே நினைத்திருந்தேன்.

எஞ்சினைப் பிரித்தேன். மோட்டாரின் ஒரு பக்கம் கறுப்பு மீசை. அப்படியானால் போன மாதம் அது உறுமியதற்கு எண்ணெய் காரணமில்லை.

19. தக்கலை மரவேலை

எம்-சாண்டை டீ வடிகட்டியில் சலித்துப் போடுங்கள். அதையும் காந்தம் காட்டிவிட்டே போடுங்கள்.

20. இரணியல் கேபின் (இரண்டு வாரம் கழித்து)

ஜல்லி முழுக்கச் சுரண்டி எடுத்தாகிவிட்டது. ஃபெவிகால் என்பதால் வெந்நீர் தெளித்துவிட்டு பழைய டூத் பிரஷ். ஆறு ராத்திரி. எம்-சாண்ட் போட்டு, அதில் கொஞ்சம் செங்கல் பொடி கலந்தேன். நம்ம பக்கத்துச் செம்மண் தூசி படிந்த நிறம் வந்துவிட்டது, உண்மையில் முன்னை விட நன்றாக இருக்கிறது. ஒயரும் மாற்றினேன். இப்போது கன்னியாகுமரி முனையில் காசு வைத்தால் வைக்கும் முன்பே அணைகிறது. ரிவர்சரை 2 ஆம்பியரில் வைத்தேன். எஞ்சின் வெட்டைத் தாண்டும்போது ஒரு சின்ன 'டிக்'. அவ்வளவுதான், போய்க்கொண்டே இருக்கிறது.

புதுச் சிக்கல்: ஜங்ஷனில் பின்னோக்கித் தள்ளும்போது நடுப் பெட்டிகள் கவிழ்கின்றன. பெட்டிகள் நானே அட்டையில் செய்தவை, நீல ஐசிஎஃப்.

21. ஆரல்காற்று

எடை எவ்வளவு?

22. இரணியல் கேபின்

70 கிராம்.

23. ஆரல்காற்று

பாதி கூட இல்லை. அமெரிக்க மாடல் ரயில் சங்கத்தின் கணக்கு எச்ஓவுக்கு 1 அவுன்ஸ், கூடவே அங்குலத்துக்கு அரை அவுன்ஸ். ஐசிஎஃப் பெட்டி 21.3 மீட்டர், 87-ல் வகுத்தால் 245 மில்லிமீட்டர், ஒன்பதரை அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல். கிட்டத்தட்ட 165 கிராம் வர வேண்டும். இழுக்கும்போது சமாளிக்கும், தள்ளும்போது வளைவில் லேசான பெட்டிதான் முதலில் எழும்பும். வளைவு என்ன ஆரம்?

24. இரணியல் கேபின்

61 சென்டிமீட்டர். அதற்குக் குறைத்தால் இந்த நீளப் பெட்டிகள் நடுவில் உள்ளே தொங்குவது பார்க்கச் சகிக்கவில்லை.

25. குளச்சல்காரன்

இதற்கு நான்தான் ஆள். வலையில் கோக்கும் ஈயக்குண்டு எங்கள் வீட்டில் ஒரு வாளி கிடக்கிறது. பெட்டியின் தரையோடு ஒட்டி வையுங்கள், கூரையில் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களா, இல்லை நான் கொண்டுவரட்டுமா? ஈயத்தைத் தொட்டால் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு ஆசை. கன்னியாகுமரி முனையில் திருவள்ளுவர் சிலை வேண்டும்!

26. இரணியல் கேபின்

சிலை பீடத்தோடு 133 அடி. 1:87-ல் 46 சென்டிமீட்டருக்கு மேல் வரும். ஸ்டேஷன் கட்டடம் அதன் காலடியில் தீப்பெட்டி மாதிரி கிடக்கும். அது நியாயம்தான், நிஜத்திலும் அப்படித்தானே. ஆனால் கடலையும் பாறையையும் வைக்க இடம் எங்கே?

27. மார்த்தாண்டம் டீச்சர்

மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் வையுங்கள், எல்லாரும் கேட்பார்கள்.

28. ஆரல்காற்று

டீச்சர், தொட்டிப்பாலம் 115 அடி உயரம், 40 சென்டிமீட்டர் வரும். இடம் கிடைத்தாலும் ரயில் பாதை அங்கே எங்கே போகிறது? வாழைத்தோப்பு, தென்னை, ஆரல்வாய்மொழியில் காற்றாடி, இதெல்லாம் ஜன்னலில் தெரிவது, வைக்கலாம். பஸ் பிடித்துப் போய்ப் பார்க்க வேண்டியதை வைத்தால் அது டூரிஸ்ட் போஸ்டர் ஆகிவிடும்.

29. மார்த்தாண்டம் டீச்சர்

பிள்ளைகளுக்கு அது தங்கள் ஊர் என்று தெரிய வேண்டாமா? எல்லாப் பிள்ளையும் ரயிலில் போனவர்களா? எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தொட்டிப்பாலம் பார்த்திருக்கிறார்கள், நாகர்கோவில் ஜங்ஷன் பார்த்ததில்லை.

30. இரணியல் கேபின்

டீச்சர் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. ஆனால் நான் ஆரல்காற்று பக்கம். கட்டுவது ஜன்னலில் தெரியும் ஊர். வள்ளுவரை மட்டும் பின்திரையில் 6 சென்டிமீட்டர் உயரத்தில், வெளிறிய நிறத்தில் வரைந்துகொள்கிறேன், தூரத்தில் இருப்பதாகத் தெரியும். தென்னைக்கு ஓலை காகிதம், தண்டு கம்பி மேல் தும்பு சுற்றியது. நாற்பது மரம் முடிந்துவிட்டது, அதற்கு மேல் என்னால் முடியாது.

31. புதுசு_87

ஒரு நீராவி எஞ்சின் விட்டால் கூட்டம் வருமே? மீட்டர் கேஜ் பழைய வண்டி ஏதாவது?

32. ஆரல்காற்று

நம்ம மாவட்டத்துக்கு ரயில் வந்ததே 1979-ல். போட்டதே அகலப்பாதை. திருநெல்வேலிப் பக்கம் 1981. மீட்டர் கேஜ் இங்கே இருந்ததே இல்லை, தம்பி. டபிள்யூடிஎம்-2 டீசல்தான் நம்ம பழைய வண்டி.

33. இரணியல் கேபின் (கண்காட்சி முடிந்து)

போய் வந்தாகிவிட்டது. இரண்டு நாள். உடம்பெல்லாம் வலி, தொண்டை இல்லை.

ஏற்றுவதில் முதல் சோதனை. குட்டியானையில் மாடியூல்கள் அடங்கின, மாடிப்படித் திருப்பத்தில்தான் மூன்றாம் மாடியூல் மாட்டிக்கொண்டது. கட்டும்போது மேசையை அளந்தேனே தவிர படியை அளக்கவில்லை. கடைசியில் நான்கு பேர் கயிறு கட்டி மொட்டை மாடியிலிருந்தே இறக்கினோம். எதிர்வீட்டு அம்மா கட்டில் விற்கிறோமா என்று கேட்டார். கீல் யோசனை பிரமாதம், தக்கலையாரே. ஹாலில் இருபது நிமிடத்தில் நான்கு மாடியூலும் பொருந்திவிட்டன.

முதல் நாள் காலை குளச்சல்காரர் சொன்னபடியே வட்டத்தில் சுற்ற விட்டேன். பிள்ளைகள் வந்தார்கள், பார்த்தார்கள், மூன்று சுற்று ஆனதும் பக்கத்து எரிமலைக்குப் போய்விட்டார்கள் (சோடா உப்பும் வினிகரும், அதோடு யார் போட்டியிட முடியும்?). பதினொரு மணிக்கு வண்டியை ஜங்ஷனுக்குள் விட்டு எஞ்சினைக் கழற்றினேன். அது பைய நகர்ந்து பக்கத்து லைனில் போய், மறுமுனைக்கு வந்து, 'கிளிக்' என்று மாட்டியது. ஒரு பையன் "அண்ணே, எஞ்சின் ஏன் விட்டுட்டுப் போகுது?" என்றான். இன்னொருவன், "அது திருநெல்வேலி வண்டி லேய், திரும்பணும்" என்றான். அப்புறம் எரிமலைக்கு யாரும் போகவில்லை. மதியத்துக்கு மேல் பாயிண்ட் சுவிட்சைப் பிள்ளைகளிடமே கொடுத்துவிட்டேன். தப்பாகப் போட்டால் வண்டி நிற்கும், அவ்வளவுதானே. டீச்சர், 3 அடி உயரம் சொன்னதற்கு நன்றி.

இரண்டாம் நாள் ஒரு பெரியவர் வந்தார். கீமேனாக (தண்டவாளத்தை நடந்து சோதிப்பவர்) இருந்து ஓய்வு பெற்றவராம். வண்டியைப் பார்க்கவே இல்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பாதையையே பார்த்தார். "ஸ்லீப்பர் நெருக்கமா இருக்கே. ரெண்டு தண்டவாளமும் ஒடுங்கி இருக்கு." அசந்துபோனேன். நான் வாங்கியது அமெரிக்க மாதிரிப் பாதை. அவர்கள் ஊர் இடைவெளி 21 அங்குலம், நம்மிடம் கிலோமீட்டருக்கு 1660 ஸ்லீப்பர் என்றால் 60 சென்டிமீட்டர். எச்ஓவில் ஒரு மில்லிமீட்டர் கூட வித்தியாசம் வராது. அதைக் கண்ணாலேயே பிடித்துவிட்டார். ஒடுங்கியதும் சரிதான்: 16.5 மில்லிமீட்டர் என்பது 1435 மில்லிமீட்டர் பாதைக்கான அளவு. நம்ம 1676 மில்லிமீட்டர் அகலப்பாதைக்கு 19.3 வேண்டும். கடையில் கிடைப்பதில்தான் ஓட்டுகிறோம் என்று விளக்கினேன். தலையாட்டிவிட்டு, "ஜல்லி தோள் நல்லா வெட்டியிருக்கு" என்றார். ஆறு ராத்திரிக்கும் கூலி வந்துவிட்டது.

கோளாறும் உண்டு. இரண்டாம் நாள் மூன்று மணிக்குக் கரண்ட் போய், ஹாலின் இன்வெர்ட்டரில் டிசிசி பெட்டி கிறுக்குப் பிடித்த மாதிரி நடந்துகொண்டது. அரை மணி நேரம் வண்டியைக் கையால் தள்ளிக் காட்டினேன். அடுத்த முறை என் சொந்த யுபிஎஸ்ஸோடுதான் போவேன்.

34. குளச்சல்காரன்

சரி, தோற்றேன். ஈயக்குண்டு என்ன ஆயிற்று?

35. இரணியல் கேபின்

ஒரு பெட்டி கூடக் கவிழவில்லை. 160 கிராமுக்குக் கொண்டுவந்தேன். எஞ்சின்தான் மூச்சு வாங்கியது. இருபது நிமிடம் ஓட்டினால் பத்து நிமிடம் ஆற விட்டேன்.

இன்னொன்று கேட்க வேண்டும். ஒரு பாட்டி வந்து, "பள்ளியாடி எங்க மக்கா?" என்றார். இரணியலுக்கு அந்தப் பக்கம், இதில் வரவில்லை பாட்டி என்றேன். "நாங்க முதல்ல ரயில் ஏறுனது அங்கதான்" என்று சொல்லிவிட்டு, பின்திரையில் இரணியல் முடிகிற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார். மறைவில் இருக்கும் இரண்டு லைனை முன்னுக்குக் கொண்டுவந்தால் ஒரு சின்ன பிளாட்பாரத்துக்கு இடம் இருக்கிறது. எண்பதுகளில் பள்ளியாடி ஸ்டேஷன் எப்படி இருந்தது என்று யாரிடமாவது படம் இருக்கிறதா? ஓட்டுக் கூரையா, கான்கிரீட்டா என்பதே எனக்குத் தெரிய வேண்டும்.

36. தக்கலை மரவேலை

சித்தப்பா கல்யாண ஆல்பத்தில் பிளாட்பாரத்தில் எல்லாரும் நிற்கிற மாதிரி ஒன்று உண்டு. பாதிக்கு மேல் சித்தி வீட்டாரின் தலைகள்தான். ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் பண்ணிப் போடுகிறேன்.